அப்பாவின் உதடும் உன் ஊசியும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் ஆசை, ஆனால் உன் அப்பாவின் கீழுதடு அதற்கு இடம் கொடுக்கவில்லை, அதனால் அந்த உதட்டைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று வைத்துக்கொள். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லாத்தாம்மா இருக்கேன் என்பாய், போன குளிர்காலத்தில் மூக்கில் குழாய் வைத்துப் படுத்திருந்தபோதும் அதையேதான் சொன்னாய். போனில் உன்னோடு பேசி எனக்கு அலுத்துவிட்டது, நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா, சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி அடைக்க முடியாது பார். நம் பேண்டில் புல்லாங்குழல் வாசிக்கிறவரின் மகள் நாளை மறுநாள் உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் கடைசி வரி வரைக்கும் படிச்சு முடிக்காம வாசலை விட்டு நகராதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளைக் குளிரில் நிற்கவைக்காதே, உள்ளே கூப்பிட்டு ஒரு டீ போட்டுக் கொடு, சர்க்கரை அரை ஸ்பூன் போதுமாம்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். உன் அக்கா வீட்டு மாடி ஒழுகுகிறது, மாப்பிள்ளை தானே ஏணி போட்டு ஏறிச் சரிசெய்கிறேன் என்று ஏறினார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. நம் கடைக்கு எதிரே இருந்த சலூனை மூடிவிட்டு அங்கே கண்ணாடிக்கடை வரப்போகிறது. உன் அப்பா தொழிற்சாலைப் பள்ளியின் பேண்டுக்காக டிரம்பெட்டுகளைப் பழுது பார்க்க வாங்கி வைத்தார், எல்லாம் நசுங்கிக் கிடக்கின்றன, அந்தப் பிள்ளைகள் வாசித்தார்களா அதை வைத்துச் சண்டை போட்டார்களா தெரியவில்லை. வால்வுக்கெல்லாம் எண்ணெய் போட்டு, நசுங்கலெல்லாம் தட்டி எடுத்து, வரிசையாக மாட்டித் தொங்குகின்றன, ஆனால் ஊதிப் பார்த்துச் சரி சொல்ல ஆளில்லை. வாய் இருந்தும் ஊத முடியாமல் ஒரு மனிதர் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், நானும் துளைகளை மூடுகிற பேட் மாற்ற வந்த கிளாரினெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடை இத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, எனக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் உதட்டுக் கொப்புளத்தை போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியது நான்தான், உன் அப்பாவுக்கு அலகு முளைத்திருக்கிறது பார் என்று கீழே எழுதியதும் நான்தான். சிரிப்பாய் என்று அனுப்பினேன், நீயும் சிரித்தாய், அதோடு விட்டிருக்கலாம். ஃப்ளூ ஊசி போட்டதனாலயா வந்துச்சு, அப்போ நான் இப்போதைக்குப் போடலை, தேர்வு முடியட்டும் என்று பதில் எழுதினாய். உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஆமாண்டா தம்பி, வேணாம், உதடு போச்சுன்னா பொழப்பு போச்சு என்று ஆமோதித்தார். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. ஆனால் உதட்டைப் பற்றி ஊதுகிறவர்கள் இருவர் பேசும்போது பேட் மாற்றுகிறவள் எதற்குக் குறுக்கே போவது என்று சும்மா இருந்துவிட்டேன். ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தர நாற்காலிக்கான தேர்வு, அதற்கு எத்தனை வருஷமாக உழைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. உதட்டில் கொப்புளத்தோடு போய் எவனாவது மேல் ஸ்தாயி வாசிக்க முடியுமா, அதுவும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் ஊரில் காய்ச்சல் பரவுகிறது, நாடகக் கொட்டகைகளில் பாதி நாற்காலி காலி என்று செய்தியில் காட்டுகிறார்கள். நான் டிவியை அணைக்கிறேன், உன் அப்பா போடுகிறார், மறுபடி அணைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இருமினாய். ஹீட்டர் காத்தும்மா, தொண்டை காஞ்சுபோகுது என்றாய். உன் இருமலில் எது காற்று, எது நெஞ்சு என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா. நீ நடக்கக் கற்பதற்கு முன்பே உன் நெஞ்சின் விசில் சத்தத்தைக் கேட்கக் கற்றவள் நான்.

போன குளிர்காலத்தில் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்ததை எனக்குச் சொன்னது நீயில்லை, உன்னோடு அறையில் இருக்கும் வயலின்காரன். அவன் நல்ல பிள்ளை, எடுத்தவுடன் அம்மா பயப்படாதீங்க என்றான், அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்றது. பயப்பட ஒன்றுமில்லாத இடத்தில் யாராவது பயப்படாதே என்பார்களா. ஆஸ்துமா இருக்கிற நெஞ்சில் ஃப்ளூ போய் உட்கார்ந்துவிட்டது, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், பேச முடியவில்லை என்றான். நான் மேலே போகும் படிக்கட்டில் நின்றிருந்தேன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், உன் அப்பா கடையில் யாருக்கோ ஒரு கார்னெட்டை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் ஓயும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு நீ தேறினாய், திரும்ப வாசித்தாய், எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் என் கால் ஒரு நொடி நிற்கிறது. அது உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்.

சரி, உதடு. எங்கள் பேண்டில் நடந்ததைக் கோவையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. போன வருஷம் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்து கச்சேரி ரத்தானதால், பேண்டு மாஸ்டர் இந்த முறை ஃப்ளூ ஊசி போட நர்ஸம்மாவை ஒத்திகை ஹாலுக்கே வரவழைத்தார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பெரிய டிரம் அடிக்கிற கசாப்புக்கடைக்காரர், நாள் முழுக்கக் கத்தியோடு நிற்கிற மனிதர், ஊசியைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார், அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். ஹார்ன் வாசிக்கிற டீச்சர் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனவர் நர்ஸம்மா பெட்டியை மூடிய பிறகுதான் வந்தார். அதே மத்தியானம் உன் அப்பா ஒரு புது மவுத்பீஸைக் கொண்டுபோயிருந்தார், கம்பெனிக்காரன் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது, எல்லாப் பித்தளை வாத்தியத்திலும் இணைப்பு வைத்து மாட்டி ஊதலாம் என்று என்னவோ புதுமாதிரி. சும்மா இருப்பாரா உன் அப்பா. முதலில் தான் ஊதிப் பார்த்தார், அடுத்து டியூபா வாசிக்கிற ரொட்டிக்கடைக்காரர், அடுத்து டிராம்போன் வாசிக்கிற தபால்காரர், அடுத்து டீச்சர். என் கண் முன்னால் நடந்திருந்தால் பிடுங்கி வெந்நீர்த் தொட்டியில் போட்டிருப்பேன், கடைக்கு வருகிற ஒவ்வொரு மவுத்பீஸும் என் சோப்பையும் பிரஷையும் தாண்டாமல் யார் வாய்க்கும் போகாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் நான் அன்று டீ போட ஹால் அடுக்களையில் இருந்தேன். சட்டை ஓரத்தில் ஒரு துடை, அடுத்த வாய். நல்லா இருக்கு சத்தம் என்று சொல்லிக்கொண்டார்களாம்.

அதற்கடுத்த நாள் உன் அப்பாவின் உதட்டில் கொப்புளம் கொத்தாகக் கிளம்பிவிட்டது, அதைத்தான் நீ போட்டோவில் பார்த்தாய். அந்த வாரம் கழிவதற்குள் ரொட்டிக்கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் வந்தது. ஊரே பேச ஆரம்பித்தது. ஊசி போட்டுக்கிட்டா வாய் வெந்துபோகுதாம் என்று ரொட்டி வாங்க வருகிறவர்களெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், பேண்டு மாஸ்டர் அடுத்த வருஷம் இந்த வேலையே வேண்டாம் என்று கையைக் கழுவிவிட்டார். உன் அப்பாவுக்கோ, சொன்னேன் பாத்தியா என்று ஒரு பெருமை, வலியிலும் பெருமை. நானும் நம்பினேன், பொய் சொல்லமாட்டேன். ஊசி போட்டார்கள், கொப்புளம் வந்தது, ஒன்றன் பின்னால் ஒன்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை இருமினாய். அதன் பிறகு எனக்கு அது உண்மையா என்று தெரிந்தே ஆகவேண்டியதாயிற்று.

தெருமுனை டாக்டரம்மாவிடம் உன் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவர் வரமாட்டேன் என்றார், களிம்பு வாங்கப் போகிறோம் என்று ஏமாற்றிக் கூட்டிப்போனேன். நான் நேரே கேட்டுவிட்டேன், ஃப்ளூ ஊசி போட்டா உதட்டுக் கொப்புளம் வருமா, ஆமாவா இல்லையா, என் பையனுக்குச் சொல்லணும் என்று. அந்த அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, முதலில் உங்க உதடு எப்போ குறுகுறுன்னு ஆரம்பிச்சுது என்று உன் அப்பாவைக் கேட்டார். ஊசி போட்ட மறுநாள் என்றார் உன் அப்பா. எனக்குத் தலையில் யாரோ தட்டியமாதிரி இருந்தது. இல்லீங்களே டாக்டர், ஊசி போட்ட அன்னிக்குக் காலையிலேயே காபியை உதட்டுல வைக்க முடியலைன்னு ஆறவெச்சுத்தானே குடிச்சாரு என்றேன். ஆறின காபியை ஜென்மத்தில் குடிக்காத மனிதர் அன்று பாதியில் வைத்துவிட்டுப் போனார், நான் காபி நன்றாக இல்லையோ என்று கோபித்துக்கொண்டேன், அதனால்தான் எனக்கு மறக்கவில்லை. ஊசி மத்தியானம், குறுகுறுப்பு காலை. உன் அப்பா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஆமா, காலையிலேயே லேசா அரிச்சுது என்று ஒப்புக்கொண்டார். முன்னாடி இப்படி வந்திருக்கா என்று கேட்டார் டாக்டரம்மா. அவர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன், அக்கா கல்யாணத்தப்போ வந்தது, கடை மாத்தினப்போ வந்தது, வெயில்ல ஊர்வலம் போய் நாள் பூரா ஊதிட்டு வந்தா வரும். அந்த வாரமும் மைதானத்தில் வெயிலில் ஒத்திகை நடந்திருந்தது.

அப்புறம்தான் அந்த அம்மா விளக்கினார். இது ஒரு கிருமியாம், பாதிப் பேருக்கு மேல் சின்ன வயதிலேயே உடம்புக்குள் வந்து நரம்பில் ஒளிந்துகொள்ளுமாம், போகவே போகாதாம், தூங்கிக்கொண்டே இருக்குமாம். வெயில், களைப்பு, கவலை, காய்ச்சல், உதட்டில் அடி, இதில் எது வேண்டுமானாலும் எழுப்பிவிடலாமாம். ஃப்ளூ ஊசியில் அந்தக் கிருமி கிடையாது, அதனால் ஊசி அதைப் புதுசா உடம்புல கொண்டுவந்து வைக்க முடியாது என்று அடித்துச் சொன்னார். ஊசி தூங்கறதை எழுப்புமா என்று விடாமல் கேட்டேன். அப்படி நடக்குதுன்னு நல்ல ஆதாரம் இல்லை, ஆனா ஊசி போட்டப்புறம் ஒரு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம், அந்தக் களைப்புல யாருக்காவது ஒருத்தருக்கு முழிச்சுக்கவே முழிச்சுக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். எனக்கு அந்தப் பதிலில்தான் நம்பிக்கை வந்தது. எல்லாத்துக்கும் சத்தியம் செய்கிறவரை நான் நம்புவதில்லை. அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்க பையனுக்கு ஆஸ்துமா, போன வருஷம் ஆஸ்பத்திரி, நீங்க உதட்டைப் பத்தியா கேட்டுட்டிருக்கீங்க என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்தால் வாசலில் ஹார்ன் டீச்சர், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரம்மாவுக்காகக் காத்திருக்கிறார். துப்பட்டாவை எடுத்தார், அதே கொப்புளம். நீங்கதான் ஊசியே போட்டுக்கலையே டீச்சர் என்று கேட்டேன், கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. ஊசியிலிருந்து ஓடின டீச்சருக்கு வந்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு ஊசி போட்ட கசாப்புக்கடைக்காரருக்கு வரவில்லை, டிரம் அடிக்கிறவர்கள் ஒருவருக்கும் வரவில்லை, தங்கள் தங்கள் புல்லாங்குழலை மட்டும் தொட்டவர்களுக்கு வரவில்லை. அந்த மவுத்பீஸைத் தொட்ட வாய்களுக்குத்தான் வந்திருக்கிறது. டீச்சரோடு நாங்களும் மறுபடி உள்ளே போய்ச் சொன்னோம், டாக்டரம்மா அதையும் ஒரேயடியாக ஒப்புக்கொள்ளவில்லை, அவங்கவங்க உடம்புல ஏற்கெனவே இருந்ததும் வெயில்ல முழிச்சிருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் குறுகுறுக்கும் உதட்டோடு ஒரு மவுத்பீஸை ஊதி நாலு பேருக்குக் கைமாற்றுவதை இனி யாரும் செய்யக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், பிரஷ், டம்ளர், துண்டு எதுவும் பொதுவில் கூடாது, கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக்கூடாது என்றும் சொன்னார். உன் அப்பா நேரே வீட்டுக்கு நடந்தார். கடைக்குள் போனவர் அந்த மவுத்பீஸை எடுத்து என் சோப்பு, என் பிரஷ், என் வெந்நீர் என்று தேய்த்தார், தேய்த்தார், முலாம் போய்விடும் என்று நான்தான் பிடுங்கினேன். பிறகு ரொட்டிக்கடைக்குப் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஊசி இல்லைய்யா, நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். ரொட்டிக்கடைக்காரர் சிரித்துவிட்டு, அடுத்த கச்சேரிக்கு நீ வாய் கழுவிட்டு வா போதும் என்றாராம்.

கண்ணா, இத்தனையும் எதற்கு எழுதினேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். இருமல் லேசாக இருந்தால் பரவாயில்லையாம், காய்ச்சல் இருந்தால் மட்டும் முதலில் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு ஊசியைப் போட்டுக்கொள். இன்றைக்குப் போட்டால் உடம்பு தயாராக இரண்டு வாரம் பிடிக்குமாம், அதனால் தேர்வு முடியட்டும் என்று தள்ளாதே, தேர்வு ஹாலில்தான் எல்லா ஊர் இருமலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். உதடு குறுகுறுத்தால் உடனே போட ஒரு மாத்திரை இருக்கிறதாம், அதை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள். யாருடைய மவுத்பீஸையும் ஊதிப் பார்க்காதே, உன்னுடையதை யாருக்கும் கொடுக்காதே, வயலின்காரன் கேட்டால்கூட, அவனுக்கு எதற்கு அது. கொப்புளம் வந்தாலும் வரட்டும், உதட்டில் நாலு கொப்புளத்தோடு தேர்வில் தோற்றுவிட்டு வந்து நில், நான் போட்டோ எடுத்து அலகு முளைத்தது என்று எழுதிச் சிரிப்பேன், அடுத்த வருஷம் இன்னொரு தேர்வு வரும். உதடு ஆறிவிடும் என்று உன் அப்பாவின் முகத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்று பொருக்கு விழ ஆரம்பித்துவிட்டது. ஆனால் உன் நெஞ்சுக்கு அப்படி ஒரு ஆறுதல் எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு அம்மா இப்படி எழுதக்கூடாது, பிள்ளைக்குத் தைரியம் சொல்லத்தான் எழுதவேண்டும், ஆனால் என்னிடம் இப்போது தைரியம் இல்லை, இருப்பது பயம்தான், அதையே அனுப்புகிறேன்.

உன் அப்பா நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, நான் வேணாம்னு சொன்னதை மறந்துடச் சொல்லு, போட்டுக்கச் சொல்லு என்கிறார். நீயே எழுது என்று பேனாவை நீட்டினேன், நகர்ந்துவிட்டார். அங்கே மாட்டியிருக்கிற டிரம்பெட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லவேண்டும், இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. நீ வாசிக்கும்போது எல்லோரும் அந்த நாதத்தைக் கேட்கிறார்கள், உன் அப்பா சுருதியைக் கேட்கிறார். நான் அதற்கு முன்னால் நீ உள்ளே இழுக்கிற மூச்சைத்தான் கேட்பேன், அது விசில் இல்லாமல் சுத்தமாக உள்ளே போய்விட்டால் எனக்குக் கச்சேரி முடிந்தது, அதற்குப் பிறகு நீ என்ன வாசித்தாலும் சரி.

நூறு வயது நன்றாக இரு, நாற்காலி கிடைக்கட்டும், கிடைக்காவிட்டாலும் நன்றாக இரு. ஸ்வெட்டரைக் கழுத்துவரை போடு, ஹீட்டர் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வை, இன்ஹேலரை வாத்தியப் பெட்டியில் வைக்காமல் பாக்கெட்டில் வை. ஊசி போட்டுக்கொண்டதும் எனக்கு ஒரு போன் செய். சரிம்மா வேண்டாம், நல்லாத்தாம்மா இருக்கேன் வேண்டாம், ஒன்றுமே பேச வேண்டாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா மூச்சு விடு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் போனுக்காக அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கும்
அம்மா